நாலாவது ஜோன்

சத்தம் போடுவது சுலபம். ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாயும் இருந்தால் ஊரையே எழுப்பிவிடலாம். சத்தத்தை வேண்டிய இடத்துக்கு மட்டும், வேண்டிய அளவுக்கு மட்டும் அனுப்புவதுதான் கஷ்டம் என்று வருஷக்கணக்காக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். மந்தாரக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. கல்யாண மண்டபமோ ஜவுளிக்கடையோ கோயிலோ, மைக்செட் வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்னை விட்டால் வேறு யார் என்கிற திமிரும் எனக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அந்தத் திமிருக்கும் பங்கு இருக்கிறது.

2010 தாண்டி ஓரிரண்டு வருஷம் இருக்கும். பக்கத்து நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியார், முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததுமே என்னைப் பிடித்துக்கொண்டார். உள்ளே முன்வரிசையில் இருக்கிறவர்களுக்குக் காது கிழிகிறது, வெளியே தகரக் கொட்டகையில் நிற்கிறவர்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அவர்கள் பிரமோஷனைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். உண்மைதான். பழைய ஆம்ப்ளிஃபயரில் இருந்தது ஒரே குமிழ். வெளியே கேட்கட்டும் என்று அதை ஏற்றினால் உள்ளே மைக் ஊளையிடும். இறக்கினால் வெளியே சந்தைக்கடை.

அதற்கு நான் சொன்ன வைத்தியம்தான் மல்டி ஜோன் ஆம்ப்ளிஃபயர். பெட்டி ஒன்றுதான், ஆனால் அதிலிருந்து சத்தம் நான்கு தனி வழிகளில் போகும். ஒவ்வொரு வழிக்கும் ஜோன் என்று பெயர். ஒவ்வொரு ஜோனுக்கும் தனிக் குமிழ், சத்தம் போகும்போதெல்லாம் துடிக்கிற ஒரு பச்சை விளக்கு. ஒன்றை ஏற்றினால் இன்னொன்று ஏறாது. முதல் ஜோனைக் கோயிலுக்குள் தூண்களில் மாட்டிய ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்தேன். இரண்டாவது வெளிக் கொட்டகைக்கு. மூன்றாவது, கைக்குழந்தைக்காரிகள் உட்காரும் பின் தாழ்வாரத்துக்கு. நான்காவது காலி. "பின்னாடி எதுக்காச்சும் ஆவும் சாமி" என்று சொல்லிவைத்தேன். அது எதற்கென்று என் மனதில் அப்போதே முடிவாகியிருந்தது.

கோயில் மைதானத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு தெரு தள்ளி என் அக்காவின் குவார்ட்டர்ஸ். அக்காவின் கணவர் மைன்ஸில் பெர்மனன்ட். நான் மாமா என்று கூப்பிடுவேன். அக்கா கோயில் பாடற்குழுவில் இருபது வருஷம் பாடியவள். முதுகுத்தண்டில் கட்டி வந்து, இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கழுத்தைத் திருப்பினால் வலி உயிர்போகும். அதனால் எப்போதும் மல்லாந்து, விசிறியைப் பார்த்தபடி கிடப்பாள். வாய் மட்டும் முன்னைவிட அதிகமாகப் பேசியது. இன்னும் எத்தனை மாதம் என்பதை டாக்டர் மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமா என்னிடம் சொன்னார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு ஒரே மகள். வந்த வரனையெல்லாம் "அம்மா எழுந்து உக்காரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவள். அந்த வருஷம் தவக்காலத்தில் திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாமா கேட்டபோது சமையலறை வாசலில் நின்று தலையை ஆட்டினாள். மே மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் என்னை வரச்சொல்லி, கதவைச் சாத்தச் சொன்னாள்.

"தலையத்தான்டா ஆட்டினா. நான் கேட்டப்பவும் தலையத்தான் ஆட்டினா. வாயத் தொறந்து சரின்னு ஒரு வார்த்த வரல. புள்ள இஷ்டப்பட்டுப் பண்ணிக்கிறாளா, இல்ல நான் போறதுக்குள்ள முடிக்கணும்னு எனக்காகப் பண்ணிக்கிறாளான்னு தெரியல."

"கேட்டுட வேண்டியதுதானேக்கா."

"கேட்டா இஷ்டம்னுதான் சொல்லுவா. எம் மூஞ்சியப் பாத்துகினு வேற என்னா சொல்லுவா? பீடத்துக்கிட்ட சாமியார் கேக்கும்போது சம்மதம்னு வாயத் தொறந்து சொல்லித்தானே ஆவணும். அந்த ஒரு வார்த்தைய நான் கேட்டுட்டாப் போதும். இருபது வருஷம் கொரல வச்சிகினு இருந்தவ நான். எனக்குத் தெரிஞ்சிடும்."

ஸ்டிரெச்சரில் கோயிலுக்கே கொண்டுபோய்விடலாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். "பீடத்துக்கு முன்னாடி படுத்துகினு போறதுக்கு நான் என்ன பொணமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டாள். போனைப் போட்டுக் காதில் வைத்தால் என்ன என்றார். முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தை அப்படித்தான் கேட்டாளாம். எண்ணெயில் அப்பளம் பொரிக்கிற சத்தம்தான் கேட்டதாம். அப்போது நான் சொன்னேன், நாலாவது ஜோன் உனக்குத்தான் என்று. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் கேபிள் இழுத்தேன். கோயில் மதிலில் தொடங்கி, மைதானத்து ஓரமாக வேப்பமரத்துக்கு வேப்பமரம் கட்டி, இரண்டு தெருவைத் தாண்டினேன். கரன்ட் கம்பத்தில் மட்டும் கட்டாதீர்கள் என்று டவுன்ஷிப் எலெக்ட்ரிகல் ஆள் ஒருவர் வந்து சொன்னார். யாருக்கு லைன் என்று கேட்டார். சொன்னதும் அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், அவள் பார்வை படுகிற இடத்தில், சின்னதாக ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மாட்டினேன்.

மாமா ஒன்றே ஒன்று கேட்டார். "நைட்டு முடிச்சி வந்து படுக்கிறப்ப காலப் பூசை பாட்டு கேட்டுகினு இருந்தா எப்பிடி மாப்ள? இங்கயே கொறைக்க ஏதாச்சும் வை." நியாயமான பேச்சு. அறைக்குள்ளேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்யூம் கன்ட்ரோல் போட்டேன். எங்கே போட்டேன்? கதவோரம், ஸ்விட்ச் போர்டில், விசிறி ரெகுலேட்டருக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில். பார்க்க லட்சணமாக இருக்கும் என்று. அக்காவின் தலைக்குப் பின்பக்கச் சுவர் அது. அவள் கை எட்டாத இடம், கண் எட்டாத இடம்.

புதன்கிழமை மாலை நவநாள் ஜெபத்துக்கு முதல் முறையாக லைனைத் திறந்தேன். கோயிலில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு ஓடிவந்து அக்கா பக்கத்தில் நின்றேன். பாடற்குழு பாடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். ஒரு பாட்டு முடிந்ததும், "கடைசில நிக்கிற பொண்ணு பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூச்ச வுட்டுடுது. அவுங்க வூட்ல ஏதோ சரியில்ல போல" என்றாள். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வந்த எனக்கு அந்தக் கடைசிப் பெண் யாரென்றே தெரியவில்லை.

"எல்லாம் அங்க எங் கையில இருக்குக்கா" என்றேன். "ஏத்தறது எறக்கறது எல்லாம் அங்கிருந்தே நான் பாத்துக்கறேன். நீ படுத்துகினு கேட்டாப் போதும்." எனக்கு அப்படிப் பேசிப் பழக்கம்.

டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ரத்தத்தில் ஊறியிருக்கும். எங்கள் அப்பாவும் மைன்ஸ்தான். நைட் ஷிப்ட் முடிந்து அப்பா வந்து படுத்தால், வீட்டில் சாயங்காலம் வரை சாமான் விழக் கூடாது. எங்கள் அப்பாவுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே மரியாதை. குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்தானே. காலையில் அவர்கள் வீட்டுக் கொடியில் யூனிபார்ம் சட்டை காய்ந்தால், அவர் நைட் முடித்து வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். அன்றைக்கு எங்கள் வீட்டில் குக்கர் வைக்க மாட்டார்கள், சோற்றை வடித்துவிடுவார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடினால் அவுட் என்று கத்தாமல் கையைத் தூக்கிக் காட்டுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. கொடியைப் பார்த்தால் கை தானாக ரேடியோவைக் குறைத்துவிடும்.

கல்யாணத்தன்று பூசை பத்து மணிக்கு. ஏழு மணிக்கே கோயிலில் பெட்டியைப் போட்டு, மெல்லிய வாத்திய இசை ஒன்றை ஓடவிட்டு, அக்கா வீட்டுக்கு வந்து பார்த்தேன். கணீரென்று கேட்டது. மணப்பெண்ணை அலங்காரத்துக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அக்காவைப் பார்த்துக்கொள்ள மந்தாரக்குப்பத்திலிருந்து வருகிற அம்மாள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பட்டுப்புடவையைப் போர்த்தியிருந்தார்கள், தலையில் பூ. ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கொடியில் நீல யூனிபார்ம் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி என் கை ஸ்விட்ச் போர்டுக்குப் போய்க் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பியது.

"பக்கத்து வூட்டண்ணன் நைட்டா?" என்றாள் அக்கா, சத்தம் நின்றதுமே.

"ஆமாக்கா. துணி காயுது."

"பாவம், தூங்கட்டும். இப்ப எதுக்கு பாட்டு."

"நிறுத்திட்டேன். பூசை ஆரம்பிச்சா தானா வரும்."

தானா வரும். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னவன் நான்தான். போகும்போது குமிழை ஏற்றிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அதற்குள் போன் வந்தது, கொட்டகை ஸ்பீக்கரில் கொரகொரவென்று சத்தம் என்று. வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தி, ஏர் கூலரைப் போட்டுவிடச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பூசை தொடங்கும்போது மணி பத்தேகால். பீடத்துக்குப் பக்கத்து அறையின் வாசலில், ஆம்ப்ளிஃபயரை முட்டியில் இடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நான்கு பச்சை விளக்கும் துடித்தன. நான்காவதைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன், அக்காவுக்குக் கூலர் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டுமே என்று. அந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பெட்டியிலிருந்து சத்தம் கிளம்பிவிட்டது. போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. இதைப் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

பிரசங்கத்தின்போது கூட்டத்தைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில், தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தெக்கத்திக்காரர், வேற்று மதத்துக்காரர். ஆனாலும் கண்முன்னால் வளர்ந்த பெண்ணின் கல்யாணம் என்று, நைட் ஷிப்ட் முடித்துக் குளித்த கையோடு, படுக்காமல் அப்படியே வந்திருந்தார். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடியும் குமிழ்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சாமியார் சம்மதம் கேட்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளை மைக்கைக் கடிக்கிற மாதிரி நெருங்கிச் சொன்னார், அவருக்கு இறக்கினேன். பெண் தள்ளி நின்றாள், அவளுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் ஊளையிடுமோ என்ற பயத்தில் ஒரு விரலைக் குமிழில் வைத்துக்கொண்டு, கண்ணை நான்காவது விளக்கில் வைத்துக்கொண்டு இருந்தேன். விளக்கு துடித்து அடங்கியது. ஊளை வரவில்லை. அக்காவுக்குப் போய்விட்டது என்று பெருமூச்சு விட்டேன். நெஞ்சு நிறைந்திருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் உணர்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பூசை முடிந்ததும் மணமக்கள் நேரே காரில் அக்காவிடம் போனார்கள். நான் வாத்திய இசையை ஓடவிட்டு, அவர்கள் பின்னாலேயே வண்டியில் போனேன். அறைக்குள் நுழைந்ததும் கூலர் இரைச்சல்தான் கேட்டது. எதிர்ச் சுவரில் இருந்த பெட்டி சும்மா இருந்தது. திரும்பி ஸ்விட்ச் போர்டைப் பார்த்தேன். குமிழ் காலையில் நான் திருப்பிவைத்த இடத்திலேயே இருந்தது. அதை ஏன் தொடவில்லை என்று பிறகு அந்த அம்மாளிடம் கேட்டபோது, "ரெண்டுமே ஃபேனுதுன்னு நெனச்சேங்க" என்றார். அவரைச் சொல்லி என்ன? லட்சணமாக ஒரே மாதிரி மாட்டியவன் நான். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்றுதான் நிறுத்தினோம். அந்தச் சுவருக்குப் பின்னால் அன்றைக்குத் தூங்க ஆளே இல்லை.

மகள் கட்டிலருகே மண்டியிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, கேட்டுச்சா?"

அக்காவின் கண் ஒரு கணம் மகள் தலைக்கு மேலாக எதிர்ச் சுவரில் இருந்த பெட்டிக்குப் போனது. நான் அவள் தலைமாட்டுப் பக்கம், குமிழை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பிறகு அவள் மகளைப் பார்த்தாள்.

"கேட்டுச்சிம்மா. கணீர்னு இருந்துச்சி."

மகள் அழுதாள். மாமா அழுதார். எல்லோரும் என் முதுகில் தட்டி, நல்ல காரியம் செய்தாய் என்றார்கள். அந்த அறையில் அன்றைக்கு நின்ற மாதிரி நான் எங்கேயும் நின்றதில்லை.

ஆகஸ்ட்டில், மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால் அக்கா போய்விட்டாள். அவள் சொன்னபடியே, படுத்துக்கொண்டுதான் பீடத்துக்கு முன்னால் போனாள். அடக்கப் பூசைக்கும் நான்தான் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். நான்காவது குமிழைத் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் கல்யாண வீடியோ வந்தது. அந்த வார்த்தையையாவது அதில் கேட்கலாம் என்று ராத்திரி பகலாகக் காத்திருந்தேன். சாமியார் கேட்கிற இடத்தில் வீடியோக்காரர் அசல் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டை ஒட்டியிருந்தார். மகளின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவள் இப்போது திருச்சியில் நன்றாகத்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். "அம்மா படுக்கையிலிருந்தே என் கல்யாணப் பூசையை முழுசாகக் கேட்டாங்க" என்று அவள் யாரிடமாவது சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அக்கா இருக்கும்போதே ஒரு நாள் இதைப் பேசிவிட்டோம். கல்யாணம் முடிந்து எட்டாம் நாள். மகள் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா டூட்டியில் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அன்னைக்கி" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டா" என்றாள். "பூசை இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சிகினே இருந்தேன். நம்ம ஆளுங்க கல்யாணம் என்னைக்கி நேரத்துக்கு ஆரம்பிச்சிது? தானா வரும்னு சொன்னியே, வரும்னு பாத்துகினே இருந்தேன். அப்புறம் வாசல்ல கார் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சி. அப்பத்தான் புரிஞ்சிது."

நான் அழுதுவிட்டேன். வயது நாற்பதைத் தாண்டியவன், அவள் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலையில் கை வைத்தாள்.

"வுடு. அவகிட்ட மட்டும் சொல்லிடாத. நீ ஒண்ணு சொல்லு எனக்கு. எப்பிடி சொன்னா?"

நான் நிமிர்ந்தேன். "கணீர்னு சொன்னாக்கா."

"அது நான் அவகிட்ட சொன்ன வார்த்தடா. நீ கேட்டத சொல்லு. இழுத்து சொன்னாளா, வெடுக்குனு சொன்னாளா? சொல்றதுக்கு முன்னாடி மூச்ச இழுத்தாளா?"

யோசித்துப் பார்த்தேன். குமிழில் இருந்த என் விரல் ஞாபகம் வந்தது. பச்சை விளக்கு துடித்து அடங்கியது ஞாபகம் வந்தது. மைக்குக்கும் அவளுக்கும் எத்தனை அங்குலம் இடைவெளி என்பதுகூட ஞாபகம் வந்தது. அவள் குரல் மட்டும் எங்கே தேடியும் இல்லை.

"நான் கேக்கலக்கா" என்றேன். "லைட்டத்தான் பாத்துகினு இருந்தேன்."

"எதிர்லதான்டா இருந்த."

"ஆமா."

அவள் பார்வை விசிறிக்குப் போனது. பிறகு, "அப்ப ரெண்டு பேருமே கேக்கல" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம். திட்டுகிற குரலில்லை அது. கொஞ்சம் கழித்து, "அந்தக் கூலர நிறுத்துடா, காதுல எரச்சலா இருக்கு" என்றாள்.

எழுந்துபோய் நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவருக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட்.